பிரிவில் தெரியும் நட்பு: பிசிராந்தையாரும் பொத்தியாரும்

முன்னுரை

நட்பு என்றவுடன் தமிழ் மாணவர் நினைவில் முதலில் எழுபவர் பிசிராந்தையார். பாண்டிய நாட்டினராகிய இவரும் உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் நேரில் பழகாமலே உள்ளம் ஒன்றியவர்கள். நட்புக்கு நெருங்கிப் பழகுதல் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறளுக்கு (785) உரை வரைந்த பரிமேலழகர் இவ்விருவரையே சான்றாகக் காட்டுகிறார். அங்ஙனமாயின், நாள்தோறும் உடனிருந்து ஒரே பணியைப் பகிர்ந்து, பின்னர் விடைபெற்றுச் செல்லும் நண்பரின் பிரிவை நம் இலக்கியம் எங்கே பேசுகிறது? இவ்வினாவுக்குப் புறநானூறு பொத்தியாரைக் காட்டி விடை தருகிறது.

உடனிருந்தவர் துயர்

பொத்தியார் சோழனோடு உறையூரில் வாழ்ந்த புலவர். மன்னன் வடக்கிருந்தபோது தாமும் உடன் உயிர்விட விழைந்தார். மகன் பிறந்தபின் வருமாறு கூறி மன்னன் அவரைத் திருப்பியனுப்பினான். மீண்டு வந்த புலவர் மன்னன் இல்லாத மன்றத்தைக் கண்டு கலங்கியதைப் புறம் 220 உரைக்கிறது. பல்லாண்டு சோறூட்டிக் காத்த யானையை இழந்த பாகன், அது கட்டப்பட்டிருந்த தறி வெறுமையாய் நிற்பதைக் கண்டு அழுவதுபோல் தாம் அழுததாகப் புலவர் பாடுகிறார்.

இவ்வுவமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. தாயை இழந்த சேய் என்றோ, துணையை இழந்த அன்றில் என்றோ புலவர் பாடவில்லை. பாகனுக்கும் யானைக்கும் இடையே உள்ளது குருதி உறவு அன்று. தொழிலால் அமைந்த உறவு. ஒவ்வொரு நாளும் ஊட்டி, நீராட்டி, கட்டி, அவிழ்த்து வளர்ந்த உறவு. தறியோ அழகிய பொருள் அன்று. அன்றாடப் பணிக்குரிய வெறும் மரத்தூண். அதைக் கண்டபோதுதான் பாகனின் துயர் பெருகுகிறது. உடன் பணியாற்றியவரின் பிரிவு நெஞ்சில் மட்டும் தங்குவதில்லை. அவர் இருந்த இடத்திலும் தங்குகிறது என்பது இதனால் பெறப்படும். வருவார் என நம்பிப் பிசிராந்தையாருக்குத் தன் அருகே இடம் ஒதுக்கச் சொன்னான் சோழன் (புறம் 216). பொத்தியாருக்கோ, சோழன் இருந்த இடமே வெறுமையாய் எதிரே நின்றது.

பழைய அரபுக் கவிதையிலும் இத்தகைய காட்சி உண்டு. காதலியின் கூட்டத்தார் கூடாரத்தைப் பெயர்த்துச் சென்ற வெற்றிடத்தில் நின்று கவிஞன் கலங்குவது இம்ருவுல் கைஸ் முதலானோர் கஸீதாக்களின் தொடக்க மரபு. அங்குக் காதலுக்கு உரிய வெற்றிடத்தைத் தமிழ்ப் புலவர் நட்புக்கு உரியதாக்கினார் எனலாம்.

வள்ளுவர் வைத்த இடம்

கற்றோர் மகிழ்வுறக் கூடி, மீண்டும் காண ஏங்குமாறு பிரிவர் என்னும் கருத்தமைந்த குறளை (394) வள்ளுவர் நட்பதிகாரத்தில் வைக்கவில்லை. கல்வி அதிகாரத்தில் வைத்தார். கற்றவர் கூட்டத்தில் பிரிவும் கல்வியின் ஒரு கூறே என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும். பேதையரின் நட்பு மிக இனிது, பிரியும்போது அது துன்பம் தராது என எள்ளல் தோன்றவும் அவர் கூறுகிறார் (839). பிரிவு வருத்துமாயின் நட்பு மெய்யானது என்பது அதன் மறுதலை.

நம் துறையில்

பதினெட்டு ஆண்டுகள் ஒரே மேசையை என்னோடு பகிர்ந்துகொண்ட துறை நண்பர் ஒருவர், இக்கல்வியாண்டின் இறுதியில் குடும்பத்தோடு வேற்றூருக்குக் குடிபெயர்கிறார். விடைத்தாள் கட்டுகளைப் பகுத்துக்கொண்டது, ஒரு சொல்லின் புணர்ச்சி விதிக்காக மாலை வரை வாதிட்டது, ஒருவர் நோயுற்றபோது மற்றவர் வகுப்பெடுத்தது ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறா. விடையளிப்பு விழாவில் பொன்னாடையும் வாழ்த்துமடலும் உண்டு. அவை துறையின் கடமை. நண்பரின் கடமை வேறு. பொத்தியார் கலங்கிப் பாடியபோது, கேட்பதற்குச் சோழன் அம்மன்றத்தில் இல்லை. உங்களிடமிருந்து இன்னது கற்றேன் என்னும் சொல்லை, இருக்கை வெறுமையாகும் முன்பே, உரியவர் செவியில் சேர்ப்பதே நட்புக்கு அழகு. அச்சொல்லை நானும் அவரிடம் சொல்லக் கடமைப்பட்டவன்.

முடிவுரை

காணாத நட்புக்குப் பிசிராந்தையார் சான்று. கண்டு பழகிய நட்புக்குப் பொத்தியார் சான்று. தொலைவு வந்தபின் இரண்டாமவர் முதலாமவரைப்போல் வாழக் கற்கவேண்டும். உடனிருந்த நாளில் பெற்ற கல்வியைத் தம் மாணவருக்கு வழங்கிவருவாராயின், பிரிந்தவரின் குரல் அவ்வகுப்பறையில் தொடர்ந்து ஒலிக்கும்.