பனிக்கடல் வழியும் நமது சரக்கும்

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டம் முடிந்தபின், மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னிடம், "வடதுருவத்திலே பனி உருகுவதால் ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி குறுகிவிடுமாமே, ஐயா! நமது படுக்கை விரிப்புகளுக்குக் கப்பற் கூலி குறையுமா?" என்று வினவினார். அன்று சுருக்கமாகக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

ரஷ்ய நாட்டின் வடகரையை ஒட்டிய கடல் ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடப்பதாகும். நோர்டென்ஷெல்ட் என்பார் 'வேகா' என்னும் கப்பலில் முதன்முதலாக அவ்வழியைக் கடந்தது 1878-79-ஆம் ஆண்டுகளில். பேரிங் ஜலசந்தியை நெருங்கிய வேளையில் பனியில் அகப்பட்டு, ஏறக்குறைய பத்து மாதங்கள் அவர் அங்கேயே காத்திருக்க நேர்ந்தது. இன்றைய நிலை வேறு. 1979 செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருந்த வடதுருவக் கடற்பனி, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சமாகச் சுருங்கிற்று. ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து ராட்டர்டாம் செல்லச் சூயஸ் கால்வாய் வழியே சுமார் 11,200 கடல் மைல். வடவழியே சுமார் 7,300 மைல்தான்.

இத்துணை இலாபமிருந்தும் கப்பல்கள் அங்கே திரளவில்லை. 2018-இல் மெர்ஸ்க் கம்பெனியார் சுமார் 3,600 பெட்டகங்கள் கொள்ளும் கப்பலொன்றை விளாடிவோஸ்டாக்கிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு இவ்வழியே அனுப்பினர். அது சோதனைப் பயணமே என்றும் கூறிவிட்டனர். சூயஸ் வழியே செல்லும் பெருங்கப்பல்களோ இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டகங்களைச் சுமப்பவை. வடவழியிலுள்ள சன்னிகோவ் ஜலசந்தியின் ஆழம் சுமார் 13 மீட்டரேயாதலால் அத்தகைய கப்பல்கள் அதனுள் நுழைய இயலா. 2021 நவம்பரில் பனி முன்னதாகவே உறையவே, சுமார் இருபது கப்பல்கள் நடுவழியில் சிக்கின. குறித்த நாளில் சரக்கு சேராவிடில் வியாபாரி என்ன செய்வார் என்பது, பண்டிகைக்குத் துணி அனுப்பிய நம்மவருக்குத் தெரியாததன்று.

ஆயினும் அங்கே ஒரு துறைமுகம் எழுந்துள்ளது. யமால் தீபகற்பத்தில், ஓப் வளைகுடாவைத் தூர்வாரி, சபெட்டா துறைமுகத்தை அமைத்தனர். 2017 டிசம்பர் முதல் திரவ எரிவாயு அங்கிருந்து கப்பலேறுகிறது. நிலத்திலேயே சரக்கு விளைவதால் அத்துறைமுகம் நிலைக்கிறது. வழிப்போக்குக் கப்பல்களை அது நம்பியிருக்கவில்லை.

இனி நமது காரியம். தூத்துக்குடியில் ஏறும் பெட்டகங்கள் பல, கொழும்பில் பெருங்கப்பலுக்கு மாறி ஐரோப்பா நோக்கிச் செல்கின்றன. வடவழியை நாடினால், நாம் முதலில் சிங்கப்பூரையும் ஜப்பானையும் கடந்து பேரிங் ஜலசந்தி வரை சுற்ற வேண்டும்! ஆகவே நமக்கு அது குறுக்குவழியன்று. கீழ்த்திசைச் சரக்கு என்றேனும் பெருமளவில் வடக்கே திரும்புமாயின், கொழும்பைத் தொடும் பெருங்கப்பல்கள் குறையக்கூடும். அப்போது நமது கூலி ஏறவும் இடமுண்டு என்பது என் கருத்து.

அந்நாள் அண்மையில் இல்லை. எனினும், வழி மாறினால் கூலி எவ்வாறு ஏறும் என்பதை 2023-ஆம் ஆண்டிறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றபோது கண்டோம். ஏற்றுமதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், குறித்த விலை துறைமுகத்தில் கப்பலேற்றும் வரைக்குமா, கப்பற் கூலியும் உட்பட்டதா என்பதை நிர்வாகக் குழுவினர் படித்தறிந்து, தீர்மானப் புத்தகத்தில் பதிந்து கொள்வார்களாக.