வாசித்துப் பொருளுணர்தலும் வகுப்பறை விளையாட்டும்: வேற்றுமை உருபுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொடக்க வகுப்புகளில் கையாளப்பெறும் வாசிப்பு விளையாட்டுகள் பல, எழுத்தையும் சொல்லையும் விரைந்து இனங்காணப் பயிற்றுகின்றன, பொருளுணர்வைச் சோதிப்பதில்லை. தொடரின் பொருளை உணராதவர் வெல்ல இயலாதவாறு விளையாட்டின் விதி அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை இரு விளையாட்டுகளின் வழி நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வாசிப்பு, பொருளுணர்வு, வேற்றுமை உருபு, விடுகதை, நசரத்பேட்டை

முன்னுரை

2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக் குழந்தைகள் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டது. ஆடலும் பாடலும் அதன் கற்பித்தல் முறையில் இடம்பெற்றன. எனினும், பிழையின்றி உரக்கப் படிக்கும் குழந்தை பொருளையும் உணர்ந்துவிட்டது என்று கொள்ளுதல் தவறாகும். அத்தகைய குழந்தையின் இடர்ப்பாடு ஆசிரியரின் கண்ணில் படுவதில்லை. பாடம் நீளும்போதே வெளிப்படுகிறது.

சொல்லறிதலும் பொருளுணர்தலும்

வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பயன் என்றனர் கஃப், டன்மர் (1986). இரண்டில் ஒன்று சுழியமாயின் பயனும் சுழியமே. மின்னட்டையைக் காட்டிச் சொல்லைக் கூறச்செய்யும் போட்டி முதல் திறனை மட்டுமே வளர்க்கும். தமிழில் தொடர்ப்பொருளைப் பெரிதும் உருபுகள் தாங்குவதால், இரண்டாம் திறனுக்கு உருபுகளை நோக்கிய பயிற்சி இன்றியமையாதது.

வழி விளையாட்டு

நசரத்பேட்டைச் சூழலில், தரையில் நான்கு வட்டங்கள் வரைந்து நசரத்பேட்டை, பூந்தமல்லி, திருமழிசை, மாங்காடு எனப் பெயரிடலாம். மாணவர் ஒரு சீட்டை எடுத்து, வாய்விட்டுப் படிக்காமல் நடந்துகாட்ட வேண்டும்.

1. நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்.
2. பூந்தமல்லிக்கு நசரத்பேட்டையிலிருந்து செல்.
3. நசரத்பேட்டைக்குப் பூந்தமல்லியிலிருந்து செல்.

முதலிரண்டும் ஒரே பொருளன, மூன்றாவது எதிர்த்திசை. ஊர்ப்பெயர்களை மட்டும் கண்டு, முதலில் வருவதே புறப்படும் இடம் எனக் கொள்பவர் முதற்சீட்டில் மட்டுமே வெல்வார். பிழை எந்தச் சீட்டில் நேர்ந்தது என்பதே அதன் காரணத்தை ஆசிரியருக்கு உணர்த்திவிடும். அடுத்த நிலையில் ‘திருமழிசைக்குச் செல்லாமல்’ போன்ற எதிர்மறைத் தொடர்களைச் சேர்க்கலாம். பிறரைப் பார்த்து நடப்பதைத் தவிர்க்க, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு சீட்டு வழங்குதல் வேண்டும்.

விடுகதை விளையாட்டு

தொல்காப்பியச் செய்யுளியல் ‘பிசி’ எனச் சுட்டும் மரபு, உய்த்துணர்தலுக்கு உகந்த கருவியாகும். ‘இரவில் வரும்’, ‘வளரும், தேயும்’, ‘ஒருநாள் காணாமற்போகும்’ என்னும் வரிகளை ஒவ்வொன்றாகத் தரலாம். முதல் வரிக்கு விண்மீன், ஆந்தை, நிலவு என விடைகள் பலவாகும். இரண்டாம் வரி அவற்றைக் குறைக்கும். விடைக்கு மட்டுமன்றி, எந்த வரி எந்த விடையை நீக்கியது என்று காட்டுவோர்க்கும் மதிப்பெண் உண்டு. முன்பே விடையறிந்தவரும் பனுவலுக்குத் திரும்ப வேண்டியிருப்பதே இவ்விதியின் பயன்.

நிறைவுரை

வகுப்பறையின் ஆரவாரம் கற்றலுக்குச் சான்றாகாது. ‘படித்ததை உணராமலே இதில் வெல்ல முடியுமா?’ என்னும் வினாவை ஆசிரியர் ஒவ்வொரு விளையாட்டின் முன்பும் எழுப்புதல் வேண்டும். முடியும் எனின், மாற்றப்பட வேண்டியது விதியே. இவ்விரு விளையாட்டுகளும் இங்கு மொழியமைப்பு நோக்கில் பகுத்தாயப்பெற்றன. அவற்றின் விளைவை வகுப்பறையில் அளந்தறிவது அடுத்த கட்டப் பணியாகும்.