புயல்மழைக்குப் பின் உட்கூரையைச் செப்பனிடுதல்

செம்மையாக வேயப்படாத கூரையைத் தம்மபதம் தன் முதல் வருக்கத்திலேயே பண்படாத உள்ளத்திற்கு உவமையாக்கியுள்ளது. உவமையாய் நின்ற அக்கூரையையே இன்று நாம் பாடமாகக் கொள்வோம்.

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் சூறைக்காற்றோடும் ஆலங்கட்டியோடும் கோடைமழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கனமழை வருகிறது. 2022 செப்டம்பர் 5ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீராகும். எனவே அத்தகைய மழையில் 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழும் நீர் 6,500 லிட்டருக்குக் குறையாது. காற்றில் உதிர்ந்த இலைகள் தூம்பை அடைத்துவிட்டால், அந்நீர் மாடியில் தேங்கிக் கைப்பிடிச்சுவரின் அடிவெடிப்பை நாடும். பின்னர் நம் தலைக்கு மேல் மஞ்சட்கறையாகத் தோன்றும்.

கறையைக் கண்டவுடன் வெள்ளையடித்து மறைப்பது பலருடைய வழக்கம். கறை விளைவு, காரணமோ மேலே இருக்கிறது. காரணம் நிலைத்திருக்க விளைவை மறைத்தால், அடுத்த மழையில் பூச்சே பெயர்ந்து விழும். அதன்கீழ்ப் பாயில் உறங்குவது நம் குழந்தை என்பதை மறவாதிருப்போமாக. செய்யவேண்டியவற்றை முறையாகக் காண்போம்.

முதலாவது, காப்பு. நனைந்த உட்கூரையில் விளக்கோ மின்விசிறியோ இருப்பின் மின்சாரத்தை நிறுத்துக. படுக்கையை வேறிடத்திற்கு மாற்றுக. நீண்ட கழியால், சற்று விலகி நின்று பூச்சைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்று ஒலிக்கும் பூச்சு பற்று விட்டதாகும். அதனைக் கொத்தனாரைக் கொண்டு உதிர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, காரணத்தை நீக்குதல். தூம்பைத் துப்புரவாக்கி, வெடிப்புகளை அடைத்து, தளமும் சுவரும் கூடும் மூலையைச் சாந்தால் சரிவாக அணைக்க வேண்டும். ஓட்டு வீடாயின் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, உலர்த்துதல். இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒரு சிறு பிளாஸ்டிக் தாளை உட்கூரையில் நான்கு பக்கமும் ஒட்டி ஒருநாள் விடுக. தாளின் உட்புறத்தில் நீர் வியர்த்திருந்தால் ஈரம் இன்னும் உள்ளது.

நான்காவது, கம்பியைச் சோதித்தல். துருவேறிய இரும்பு பருத்துக் கான்கிரீட்டை உடைக்கும். வெளித்தெரியும் கம்பி அரித்து மெலிந்திருந்தாலோ, தளம் தொய்ந்திருந்தாலோ பொறியாளரை அழைக்காமல் பூசலாகாது. மரவிட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய சுண்ணாம்புத் தளமாயின், சுவருக்குள் செருகிய விட்டநுனிகள் உளுத்துள்ளனவா என்று பார்ப்பதும், சிமெண்டை விடுத்துச் சுண்ணாம்புச் சாந்தையே பூசுவதும் நலம்.

இறுதியிலேயே பூச்சு. கான்கிரீட் தளத்தின் அடிப்புறத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கனத்தில் பூசி, ஏழு நாள் நீர் தெளித்து வருக. அது காய்ந்தபின் வண்ணம் பூசலாம்.

வாடகை வீட்டில் வாழ்வோர், கறையைத் தேதியுடன் படமெடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவிப்பாராக. அவர் வெள்ளையடித்துத் தர முன்வந்தால், முதலில் மாடியைப் பார்க்குமாறு பணிவுடனும் உறுதியுடனும் கேட்பாராக. இருமுறை கூலி கொடுக்க வசதியற்ற நமக்கே இம்முறை மிகவும் வேண்டியது. மழைக்காலத்திற்கு முன் தூம்பைத் துப்புரவாக்க ஒரு நாழிகை போதும். அதனை இவ்வாரமே செய்வோம்.