தோற்ற குதிரையையும் பாருங்கள்

கேள்வி: 2017 துபாய் உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஆரகேட் பெற்ற வெற்றியை இன்றும் அபாரம் என்கிறார்கள். ஆனால் இரண்டாவது வந்த கன் ரன்னரை அது முந்தியது இரண்டேகால் லெங்த்தில்தான். அதே ஆண்டு நவம்பரில் அதே கன் ரன்னரிடம் படுதோல்வியும் அடைந்தது. துபாய் வெற்றியை அளவுக்கு மீறிப் புகழ்கிறோமா? ஒரு ஓட்டத்தின் தரத்தை எப்படி எடைபோடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தப் புகழ்ச்சியில் மிகை எதுவும் இல்லை. டர்ட் (மண்தரை) டிராக்கில் மூத்த குதிரைகள் ஓடி நான் பார்த்த பந்தயங்களில் அதற்கு ஈடாக ஒன்றிரண்டைத்தான் சொல்வேன்.

முடிவுக் கோட்டில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதை மட்டுமே லெங்த் சொல்லும். அந்த இடைவெளிக்குக் குதிரை என்ன விலை கொடுத்தது என்பதைத் தெரிந்துகொள்ள, கேட் திறந்த நொடியிலிருந்து பார்க்க வேண்டும். ஆரகேட் தாமதமாகக் கிளம்பியது. பக்கத்துக் குதிரைகளிடம் நெருக்குப்பட்டு, பதினான்கு குதிரைகளில் கடைசி வரிசைக்கே போய்விட்டது. புல்தரையில் பின்னாலிருந்து வந்து ஜெயிப்பது சகஜம். டர்ட்டில் அப்படியல்ல. முன்னால் ஓடும் குதிரைகளின் குளம்புகள் வாரியிறைக்கும் மண் பின்னால் வருபவற்றின் முகத்தில் அறையும். அன்று மழை வேறு பெய்து தளம் நனைந்திருந்தது. பல குதிரைகள் இந்த நிலையில் ஓட்டத்தையே கைவிட்டுவிடும்.

அடுத்து, ஜாக்கி மைக் ஸ்மித் தேர்ந்தெடுத்த வழி. அவசரப்பட்டு விரட்டவில்லை, குதிரை மூச்சு வாங்கி நிதானத்துக்கு வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாகக் கடந்தார். வெளிப்பக்கம் ஓடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பந்தயம் நடந்த மெய்தான் டர்ட் டிராக்கின் சுற்றளவு 1,750 மீட்டர். பந்தய தூரம் 2,000 மீட்டர். ஆக இரண்டு வளைவுகள். உள்வேலியையொட்டி ஓடும் குதிரையைவிட ஒரு மீட்டர் தள்ளி இரண்டு வளைவையும் சுற்றும் குதிரை ஆறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறது. ஒரு லெங்த் சுமார் 2.4 மீட்டர் என்று வைத்தால் இரண்டரை லெங்த்! நீங்கள் குறைவாக நினைத்த வெற்றி வித்தியாசத்தைவிட இது அதிகம்.

இனி கன் ரன்னர். ஜாக்கி ஃப்ளோரென்ட் ஜெரூ அதை முன்னணியிலேயே வைத்திருந்து, சரியான சமயத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். தடங்கல் இல்லை, நெருக்கடி இல்லை. சாக்குச் சொல்ல இடமில்லாமல் தோற்ற நல்ல குதிரைதான் ஜெயித்த குதிரைக்குச் சரியான அளவுகோல். அந்தக் கன் ரன்னர் அதன்பின் என்ன செய்தது? ஸ்டீஃபன் ஃபாஸ்டர், விட்னி, வுட்வர்ட், பிரீடர்ஸ் கப் கிளாசிக், 2018 ஜனவரியில் பெகாசஸ் உலகக் கோப்பை என்று வரிசையாக ஐந்தையும் ஜெயித்தது. கோடையில் அது இன்னும் முன்னேறியது என்பதால் பிந்தைய வெற்றிகளை அப்படியே மார்ச் மாதக் கணக்கில் ஏற்றிவிடக் கூடாது. ஆனாலும் ஆரகேட் வென்றது சாதாரணக் குதிரையை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எடையையும் கவனியுங்கள். 2016 பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் ஆரகேட் கலிஃபோர்னியா குரோமை அரை லெங்த்தில் வென்றபோது அதற்கு வயது மூன்று. ஆகவே சுமக்கும் எடையில் 4 பவுண்டு சலுகை கிடைத்தது. துபாயில் ஆரகேட், கன் ரன்னர் இரண்டுக்கும் வயது நான்கு; இரண்டும் சுமந்தது 57 கிலோ. மூத்த குதிரைகளின் பந்தயங்களை நான் பெரிதாக மதிப்பதற்கு இந்தத் தெளிவும் ஒரு காரணம். வயதுச் சலுகையைக் கூட்டிக் கழிக்கும் வேலை பெரும்பாலும் இல்லை.

பின்னால் வந்த தோல்விகளுக்கு வருவோம். ஜூலையில் டெல் மாரில் நடந்த சான் டியாகோ ஹேண்டிகேப்பில் நான்காவது. பசிஃபிக் கிளாசிக்கில் கலெக்டடுக்கு அடுத்து இரண்டாவது. நவம்பரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் முதல் நான்கிலேயே இல்லை. துபாயில் வெளிப்பட்ட வேகம் அந்தக் குதிரையிடம் பிறகு தென்படவில்லை. அதற்காக மார்ச் 25 அன்று அது ஓடிய ஓட்டம் குறைந்துவிடாது.

அந்த ஆண்டின் இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். உலகத் தரவரிசையில் 134 புள்ளியோடு ஆரகேட் முதலிடம். அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை விருது கன் ரன்னருக்கு. முரண்பாடு போலத் தோன்றும், ஆனால் இரண்டும் சரி. தரவரிசை ஒரு குதிரையின் மிகச் சிறந்த ஒற்றை ஓட்டத்தை அளக்கிறது. விருதோ ஆண்டு முழுவதையும் பார்க்கிறது. உங்கள் கேள்வியில் இந்த இரண்டும் கலந்துவிட்டன.

பந்தயப் பதிவு கிடைத்தால் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்: முதலில் ஆரகேட்டை மட்டும், அடுத்து கன் ரன்னரை மட்டும், மூன்றாவது முறை முதல் 800 மீட்டரில் முன்னால் ஓடியவை எந்த நிலையில் முடித்தன என்பதை.