இன்சுலின் எடுக்குமுன் மூடியின் நிறத்தைப் பாருங்கள்

வார்டில் முதன்முதலாக இன்சுலின் போடப் போகும் நர்சிங் மாணவ மாணவியரே, மருந்தின் பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் குப்பியும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாறினால்? 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். சர்க்கரை சரசரவென இறங்கி நோயாளி உயிருக்கே ஆபத்தாகும். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படியுங்கள்.

கலங்கலான இன்சுலினைக் குலுக்காதீர்கள்; உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள். கேஸ் ஷீட்டில் 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். சுருக்கி எழுதும் 'U' என்ற ஆங்கில எழுத்து அவசரத்தில் சுழியமாகத் தெரிந்து, 4 என்பது 40 ஆகிவிடும். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியானால், சாப்பாடு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் சீனியர் சிஸ்டரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம்.