ஒரு குழந்தை, மூன்று பாட்டில், மூன்று விடை

முதலாம் ஆண்டுத் தங்கைகள் சிலர் "மருந்துக் கணக்கைப் பற்றி எழுதுங்கக்கா" என்று கேட்டிருந்தார்கள். வாயால் கொடுக்கும் மருந்தை மட்டும் இந்தத் தாளில் எழுதுகிறேன். ஊசி, டிரிப் கணக்கு இன்னொரு நாளைக்கு.

1 கிராம் என்றால் 1000 மி.கி. 1 மி.கி. என்றால் 1000 மைக்ரோகிராம். இது எல்லோருக்கும் தெரியும். குழப்பம் வருவது மி.கி.க்கும் மி.லி.க்கும் நடுவில்தான். மி.கி. என்பது மருந்தின் எடை. மி.லி. என்பது அந்த மருந்து கலந்திருக்கும் திரவத்தின் அளவு. எத்தனை மி.கி. என்பதைக் குழந்தையின் எடை சொல்லும். எத்தனை மி.லி. என்பதைப் பாட்டில்தான் சொல்லும். இந்த ஒன்று பிடிபட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். குழந்தையின் எடை 10 கிலோ. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று டாக்டர் எழுதியிருக்கிறார். 10 × 15 = 150 மி.கி. இதுவரைக்கும் எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவோம். இப்போது பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிக்க வேண்டும்.

"வேண்டியது ÷ இருப்பது × அளவு" என்று சூத்திரம் இருக்கிறது. பரீட்சைக்கு அதையே எழுதுங்கள், மார்க் குறையாது. ஆனால் ராத்திரி டூட்டியில் தூக்கக் கலக்கத்தில் எதை எதால் வகுப்பது என்று தலைகீழாகிவிடும். எனக்குப் பிடித்த வழி, முதலில் 1 மி.லி.யில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. 5 மி.லி.யில் 125 மி.கி. என்று போட்டிருந்தால் 1 மி.லி.யில் 25. அப்படியானால் 150 ÷ 25 = 6 மி.லி. அதே கம்பெனியின் இன்னொரு பாட்டிலில் 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கலாம். 1 மி.லி.யில் 50, ஆக 3 மி.லி. போதும். சின்ன டிராப்ஸ் பாட்டிலில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அதில் 1.5 மி.லி.தான்.

குழந்தை ஒன்று, மருந்து ஒன்று, விடை மட்டும் 6, 3, 1.5.

குழந்தைகள் வார்டில் எனக்குப் போஸ்டிங் இருந்தபோது, டிஸ்சார்ஜ் ஆகிற ஒரு அம்மாவிடம் சிரப்பைக் கொடுத்து "ஆறு மில்லி" என்று சொன்னோம். அந்த அம்மா தயங்கித் தயங்கி, "வீட்ல இதே மருந்து சின்ன பாட்டில்ல இருக்குது சிஸ்டர். இது தீர்ந்துபோச்சுன்னா அதையே ஆறு மில்லி ஊத்திக்கலாமா?" என்று கேட்டார். ஸ்டாஃப் சிஸ்டர் உடனே கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, "பேருதான்மா ஒண்ணு, கெட்டி வேற. டிகாக்ஷனும் காப்பியும் ஒண்ணாகுமா? டிகாக்ஷனை டம்ளர் நிறைய குடிப்பீங்களா?" என்றார். அந்த அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்களுக்கு அரை மணி நேரம் எடுத்த பாடம்! வீட்டு மருந்துக்கு எவ்வளவு என்பதைத் தனியாக ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

அந்த டிராப்ஸை 6 மி.லி. ஊற்றியிருந்தால் 600 மி.கி. உள்ளே போயிருக்கும். நான்கு மடங்கு! அதையே நாளைக்கு நாலு வேளை என்று தொடர்ந்தால் கல்லீரல் கெட்டுப்போகும். இதில் மோசம் என்னவென்றால், முதல் நாள் குழந்தை அவ்வளவாக எதையும் காட்டாது. வாந்தி வந்தாலும் காய்ச்சலால்தான் என்று நினைத்துவிடுவோம். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் சீக்கிரம், முடிந்தால் 8 மணி நேரத்துக்குள், கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே அதிகம் கொடுத்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே தொல்லை இருந்தது. அங்கே கைக்குழந்தை டிராப்ஸில் 0.8 மி.லி.க்கு 80 மி.கி., பெரிய குழந்தைகளின் சிரப்பில் 5 மி.லி.க்கு 160 மி.கி. பெற்றோர் குழம்பியதால் 2011-ல் கம்பெனிகள் இரண்டையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்று ஒரே கெட்டியாக மாற்ற ஒப்புக்கொண்டன. நம் கடைகளில் 120, 125, 250, டிராப்ஸ் எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கின்றன. அதனால் லேபிள்தான் நமக்குத் துணை.

கரண்டி பற்றி ஒரு வார்த்தை. மருந்து டீஸ்பூன் என்றால் 5 மி.லி. வீட்டு டீஸ்பூன் வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் ரூமில் இருந்த நான்கு கரண்டிகளில் சிரிஞ்சால் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒன்று 3 மி.லி.யிலேயே வழிந்தது, ஒன்று 7 வரை தாங்கியது. பாட்டிலோடு வரும் மூடியையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோதான் தாய்மாருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். சிரிஞ்சில் கோடு வரை இழுத்தும் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. மூடியை மேசைமேல் வைத்துக் கண் மட்டத்தில் பார்க்கணும், தூக்கிப் பிடித்து அல்ல.

அடுத்த பொறி, "ஒரு நாளைக்கு" என்ற சொல். 12 கிலோ குழந்தைக்கு அமாக்சிசிலின், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 40 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து. 480 மி.கி. என்று வந்ததும் பேனாவை வைத்துவிடக் கூடாது. அது முழு நாளைக்கு. ஒரு வேளைக்கு 160. பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 என்றால் 160 ÷ 25 = 6.4 மி.லி. பவுடராக வரும் சிரப்பில் கோடு வரை ஆறவைத்த வெந்நீர் ஊற்றிக் கலக்கினால்தான் இந்த 125 உண்மையாகும். தண்ணீர் குறைந்தால் கெட்டியாகும், நம் கணக்கு பொய்யாகும். ஒவ்வொரு வேளையும் குலுக்காவிட்டால் மேலே தண்ணி, அடியில் மருந்து!

மாத்திரை கொஞ்சம் சுலபம். வயிற்றுப்போக்குக்குத் தரும் துத்தநாக மாத்திரை 20 மி.கி. 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு 10 மி.கி. என்பதால் பாதி மாத்திரை, தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் முழு மாத்திரை. இரண்டுக்கும் 14 நாள். நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாம். குடலில் போய்க் கரைவதற்காக உறை போட்ட மாத்திரையையும், மெதுவாகக் கரையும் மாத்திரையையும் உடைக்கவே கூடாது, கணக்கு எவ்வளவு சரியாக வந்தாலும்.

புள்ளிக்கு முன்னால் சுழியம் போடுங்கள்: 0.5. வெறும் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகும். 5.0 என்று பின்னால் சுழியம் போட்டால் 50 ஆகும். தைராய்டு மாத்திரையில் இது பெரிய விஷயம். 0.05 மி.கி. என்றால் 50 மைக்ரோகிராம். ஒரு சுழியம் விட்டுப்போனால் 500! கணக்குப் போட்டு 100 மைக்ரோகிராம் மாத்திரை ஐந்து என்று வந்தால் கை தானாக நிற்க வேண்டும். ஒரு வேளைக்கு மூன்றுக்கு மேல் மாத்திரை, கைக்குழந்தைக்கு அரை மூடி சிரப் என்றெல்லாம் வந்தால் பக்கத்தில் இருக்கும் சிஸ்டரைக் கூப்பிட்டு, நம் விடையைச் சொல்லாமல், அவரையே தனியாகப் போடச் சொல்லணும். விடையைச் சொல்லிவிட்டால் அவரும் தலையாட்டிவிடுவார்.

இனி உங்களுக்கு.

8 கிலோ குழந்தை, பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் எவ்வளவு? டிராப்ஸில் எவ்வளவு?

தைராய்டு மருந்து 0.075 மி.கி. கையில் 25 மைக்ரோகிராம் மாத்திரை. எத்தனை?

9 கிலோ குழந்தை, அமாக்சிசிலின் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 40 மி.கி., மூன்று வேளை. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள பாட்டில். ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.?

விடைகளைச் சீட்டில் எழுதி, பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். விடை மட்டும் போதாது, வழியையும் எழுதணும்.