பூம்பாவையும் ஔவை இல்லமும்

மக்களை வழிநடத்தும் தலைமை இருவகைப்படும். ஒன்று, செங்கோலாலும் சேனையாலும் பிறரைத் தங்கீழ் நிறுத்துவது. மற்றொன்று, வீழ்ந்து கிடப்பாரை எடுத்துத் தங்காலில் நிற்கச் செய்வது. முன்னையது அரசியல் நூல்களிற் பெரிதும் பேசப்படும். பின்னையதே சைவவுலகம் போற்றுவது. இப்பின்னைய தலைமையிற் சிறந்த மகளிர் சிலரை ஈண்டு எடுத்துக்கொண்டு, அவர்தம் வரலாற்றால் இக்காலச் சைவர்க்கும் திருமடங்கட்கும் உளதாங் கடமை யாதென ஆராய்வாம்.

திலகவதியம்மையார், தமக்கு மணம்பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டமை கேட்டு உயிர்விடத் துணிந்து, தம்பியார் மருணீக்கியார்பொருட்டு அத்துணிவைக் கைவிட்டார். அத்தம்பியார் வேற்றுச் சமயம் புக்க காலத்தும் வெறுத்தொதுக்காது, திருவதிகையிற் கோயிற்பணி செய்து இறைவனை வேண்டி நின்றார். சூலைநோயால் வருந்தி வந்தவர்க்குத் திருநீறளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியார், அமைச்சர் குலச்சிறையாரோடு ஒருப்பட்டு, திருமறைக்காட்டிலிருந்த ஆளுடைய பிள்ளையாரை மதுரைக்கு வருவித்து, அரசனையும் நாட்டையும் சைவநெறியில் நிறுத்தினார். இவருள் மங்கையர்க்கரசியார் அறுபத்துமூவருள் ஒருவராக எண்ணப்பெற்றார், திலகவதியார் எண்ணப்பெற்றிலர். எனினும் அவ்வேற்றுமை தொகையிலன்றித் தொண்டில் இல்லை. இருவரும் தாம் முன்னிற்க விழையாது பிறரை முன்னிறுத்தினர் என்க.

இனி, திருமயிலைக்கு வருவாம். சிவநேசரின் திருமகளாராகிய பூம்பாவையார், மலர் கொய்யச் சென்றவிடத்து அரவந் தீண்டி இறந்தார். அவர்தம் என்பும் சாம்பரும் வைத்த குடத்தின்முன் நின்று பிள்ளையார் பதிகம் அருளிச்செய்ய, அவர் உயிர்பெற்றெழுந்தார். ஈண்டு இரண்டு நுட்பங்கள் கருதற்பாலன. பிள்ளையார் அவரை அழைத்தது எதன்பொருட்டு? ஐப்பசி ஓணமும், கார்த்திகை விளக்கீடும், மார்கழித் திருவாதிரையும், தைப்பூசமும் ஆகிய விழாக்களைக் காணாது போதல் தகுமோ என்றே அழைத்தார். ஆகவே, பெண்மகவு ஊரார் விழாவிற் கலந்து கண்டு களித்தற்குரியது என்பது அப்பதிகத்தாற் பெறப்படும். மற்றொன்று, சிவநேசர் மகளாரை மணந்தருளுக என வேண்டியபோது, உயிர் தோன்றுதற்குத் தாம் ஏதுவாயினமையின் தமக்கு அவர் மகளாவர் என்று பிள்ளையார் மறுத்தமை. அடைக்கலந் தந்தோர் அடைந்தாரை உடைமையாகக் கொள்ளார், மகவாகவே கொள்வர் என்பது இதனால் விளங்கும்.

இந்நெறி பிற்காலத்து விளங்கிய இடத்தை அறிய நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. மயிலைக்குத் தெற்கே ஆற்றைக் கடந்தால் அடையாறு. ஆங்குள்ளது ஔவை இல்லம். அதனை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்த இவர்தம் அன்னையார் கோயிற்பணிக்குரிய கணிகையர் மரபினர். மகளிர் கல்வி அரிதாயிருந்த அந்நாளிற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1912-இல் தேர்ச்சிபெற்றார். 1927-இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராயினார். சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கு முயன்றதன் பயனாக, 1929-இல், மானிய நிலங்களை ஊழியக் கட்டினின்றும் நீக்கி அம்மகளிர்க்கே உரிமையாக்குஞ் சட்டத்திருத்தம் எழுந்தது. 1947-இல் அவ்வழக்கமே சட்டத்தால் விலக்கப்பட்டது. இடையே, 1930-இல், அம்மரபிற் சிறுமியர் சிலர் புகலிடம் நாடி வந்தகாலைத் தம் இல்லத்திலேயே அவர்க்கு இடந்தந்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியதும் அவர் முயற்சியாலேயே. 1968-இல் அம்மையார் மறைந்தார். அவர் தொடங்கியவை நின்று பயன்தருகின்றன.

அஃதேல், ஆடலும் பாடலும் ஆகமம் விதித்த உபசாரங்களன்றோ? அம்மரபை ஒழித்தல் வழிபாட்டிற்குக் குறையாகாதோ எனின், ஆகாது. உபசாரமாவது ஆடலும் பாடலுமேயன்றி, அறியாப் பருவத்துச் சிறுமியை மணவாழ்விற்குப் புறம்பாக்குதலன்று. இதற்குத் திருத்தொண்டர் புராணமே சான்று. திருவாரூர்ப் பரவையார் உருத்திரகணிகையர் குலத்தவர். அவரை நம்பியாரூரர் மணந்து மனைவியாராகக் கொண்டார். அவர் ஊடியபோது இறைவனே தூது நடந்தான். அக்குலத்துப் பெண்ணின் மனையறத்தைக் காத்தற்கு இறைவனே நடந்தானாயின், அதனை மறுக்கும் வழக்கிற்குச் சைவத்தின் பெயரால் அரண் செய்தல் எங்ஙனம் பொருந்தும்?

அம்மையார் தம் பணியைச் சித்தாந்தத்தின் பெயராற் செய்தார் என்பது எங்கருத்தன்று. அவர் செய்தது சித்தாந்தத்தோடு மாறுபடாது என்பதே கருத்து. ஆண் பெண் என்னும் வேற்றுமை மாயையின் காரியமாகிய உடம்பைப் பற்றியது. உயிர்க்கு அஃதில்லை. ஆணவமறைப்பு இருபாலார்க்கும் ஒன்றே, திருவருளும் ஒன்றே. சத்திநிபாதம் மலபரிபாகத்தை நோக்கி நிகழ்வதன்றி உடம்பின் வடிவை நோக்கி நிகழ்வதன்று. இவ்வுண்மையை நூலில் ஓதி நடையில் மறப்போமாயின், ஓதியதனாற் பயனென்னை?

2021-இல், சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் அம்மையார் ஒருவர் ஓதுவாராக நியமிக்கப்பெற்றார். இதனைப் புதுமையென்று வியப்பாரும் பிழையென்று வருந்துவாரும் உளர். காரைக்காலம்மையாரின் திருப்பதிகங்களைப் பதினோராந் திருமுறையுள் வைத்து ஓதிவருஞ் சமயத்தார்க்கு இதில் வியப்பும் வருத்தமும் வேண்டா. வேண்டுவது ஒன்றே: திருமுறையும் மெய்கண்ட சாத்திரமும் மகளிர்க்கு முறையாகப் பயிற்றும் வகுப்புக்களைத் திருமடங்கள் பெருக்குதல், அவருள் தேர்ந்தாரைக் கேட்போராக மட்டுமன்றி உரைப்போராகவும் அமர்த்துதல்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், கபாலீச்சரத்திற் காலையிற் பூம்பாவையார் உயிர்பெற்ற நிகழ்ச்சி நடிக்கப்பெறும். மாலையில் அறுபத்துமூவர் திருவுலாப் போதுவர். அவ்வுலாவில் மங்கையர்க்கரசியாரையும் காரைக்காலம்மையாரையும் இசைஞானியாரையும் கைகூப்பித் தொழும் நாம், அவர்தம் வழித்தோன்றலாராகிய பெண்மக்கட்குக் கல்வியும் புகலும் தந்தபோதே அத்தொழுகை நிறைவுறும் என்பதைச் சைவ நன்மக்கள் உளங்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.